கடன் வாங்கும் முன் ஒரு குழி

(உலக மண் நாளை ஒட்டி நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், குத்தகை நிலத்தில் மல்லிகைத் தோட்டம் போட்ட குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்கள் பலரும் கேட்டதால் வெளியிடுகிறோம்.)



நாங்கள் பன்னிரண்டு பேர். இந்தப் பேச்சை எல்லோரும் ராத்திரி உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அதனால் "நாங்கள்" என்றுதான் பேசப் போகிறோம். ஜெயிச்ச கதையைச் சொல்லத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் தோற்ற கதையையும் சொல்லுகிறோம் என்றோம், சரி என்றார்கள்.

2021-ஆம் வருசம் எங்கள் குழு எண்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, அரை ஏக்கர் நிலத்தை அஞ்சு வருசக் குத்தகைக்குப் பிடித்து மல்லிகை போட்டது. மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, நம்ம பூவுக்கு இருக்கிற மவுசு எல்லோருக்கும் தெரியும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. மண் கன்னங்கரேலென்று இருந்தது. "கரிசல் மண்ணுடி, போட்டது எல்லாம் வெளையும்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். ஆடியில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் போட்டு, ஆயிரத்து இருநூறு பதியன் வைத்தோம். குழி எடுக்கும்போது உள்ளே தெரிந்ததும் நல்ல கருப்பு மண்தான்.

முதல் வருசம் செடி பச்சைப் பசேலென்று வந்தது. அடுத்த வருசம் கவாத்து பண்ணித் துளிர் விட்ட பிறகுதான் ஆரம்பித்தது. மேற்குப் பக்கம் இருந்த செடிகளில் புதுத் துளிர் எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எலுமிச்சம்பழ நிறம். பழைய இலை நன்றாக இருக்கும், கொழுந்து மட்டும் மஞ்சள். மொட்டு சின்னதாய்ப் போனது. இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனோம். "சத்துப் பத்தலைம்மா" என்று டி.ஏ.பி. மூட்டை கொடுத்தார்கள். போட்டோம். குறையவில்லை. யூரியா போட்டோம். ஒரு வாரம் பச்சை மாதிரி இருந்து மறுபடி மஞ்சள். டானிக் என்று ஒரு பாட்டில், வேருக்கு என்று ஒரு பாட்டில். ஒரே வருசத்தில் பதினாலாயிரம் ரூபாய் உரத்துக்கும் மருந்துக்கும் மட்டும் போனது. நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது கடனுக்கும் வட்டிக்கும்தானே ஒழிய, மண்ணுக்கு இல்லை.

கடைசியில் ஒரு அப்பத்தாதான் கேட்டது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மாமியார், வயசு எழுபதுக்கு மேல் இருக்கும். வரப்பில் உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கொண்டே, "ஏத்தா, அந்தப் புஞ்சையில மேக்குப் பக்கம் கெணறு வெட்டுறப்ப சுக்கான் கெடந்துச்சே, பாக்கலையா?" என்றது. மறுநாள் கடப்பாரை எடுத்துப்போய் மேற்கு ஓரத்தில் குழி தோண்டினோம். ஒன்றேகால் அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். பட்டாணி அளவில், கோலி அளவில், அதற்கும் கீழே சுண்ணாம்பைக் குழைத்துக் கொட்டியது மாதிரி ஒரே வெள்ளை. நாங்கள் நடவுக்கு எடுத்த குழி ஒரு அடி. இன்னும் ஒரு சாண் ஆழம் தோண்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கிழக்குப் பக்கம் தோண்டினால் மூணு அடி வரைக்கும் கருப்பு மண். அரை ஏக்கருக்குள்ளேயே ரெண்டு நிலம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மேற்குப் பக்க மண்ணுக்கு கார அமிலத் தன்மை 8.4 என்று வந்தது. பயிருக்கு நல்லது ஆறரையிலிருந்து ஏழரைக்குள். மணிச்சத்து அதிகம் என்று வந்தது. அது நாங்கள் கொட்டின டி.ஏ.பி. செடிக்கு வேண்டியது இரும்புச் சத்து. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கரையாது, வேருக்குக் கிடைக்காது. இதை அலுவலர் விளக்கியபோது எங்களுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னார்: "நம்ம குழுப் பெட்டிக்கு ஒருகாலத்தில மூணு பூட்டு போட்டு, மூணு பேர்கிட்ட சாவி இருந்துச்சுல்ல? பெட்டிக்குள்ள பணம் இருக்கு. சாவிக்காரி ஊருக்குப் போயிட்டா எடுக்க முடியுமா? அப்படித்தான்." டி.ஏ.பி. போடப் போட, அந்த மணிச்சத்தும் சேர்ந்து இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதாம். அதாவது நாங்கள் காசு கொடுத்து இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம்.

வைத்தியம் சின்னதுதான். அன்னபேதி உப்பு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அஞ்சு கிராம், மஞ்சள் மறையும் வரை மாசம் ஒரு தடவை இலையில் தெளிக்கச் சொன்னார்கள். தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் கலவை துருப் பிடித்த நிறமாக மாறாமல் இருக்கும். வெயில் தாழத்தான் தெளிக்க வேண்டும். மண்ணில் கொட்டினால் பிரயோசனம் இல்லை, அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். கிழக்குப் பக்கத்துச் செடியும் நடுவில் உள்ளதும் தேறியது, சுமார் ஐந்நூறு செடி. மேற்கு ஓரத்தைப் பிடுங்கிவிட்டு, மீதி வருசத்துக்குச் சோளமும் உளுந்தும் போட்டோம். கடனை அடைத்துவிட்டோம். ஆனால் பூவில் வந்த காசை வைத்து மட்டும் இல்லை. நூறு நாள் வேலைக் கூலியிலும், ரெண்டு பேர் ஆடு விற்றதிலும், ஒருவர் தோட்டை அடகு வைத்ததிலும் அடைத்தோம். தவணை ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று கூட்டமைப்பில் எங்களைப் பாராட்டினார்கள். அந்தத் தோடு இன்னும் திரும்பவில்லை என்பது அந்தப் பேரேட்டில் இல்லை.

அதனால்தான் மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம் கூட்டமைப்பில் இருக்கிற ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். உசிலம்பட்டிப் பக்கம் போகப் போகச் செவக்காடு கூடும். கண்மாய்க்குக் கீழே இருக்கிற நஞ்சையில் வண்டல். சில ஊர்களில் ஒன்றுமே முளைக்காத பொட்டல் இருக்கிறது, அதைக் களர் என்போம், உவர் என்போம். ஒரே பஸ்ஸில் வருகிறோம், ஒரே கூட்டத்தில் கடன் வாங்குகிறோம். பக்கத்து ஊர்க் குழு நிலக்கடலை போட்டு லாபம் எடுத்தார்களே, நாமும் போடலாம் என்று கிளம்பிவிடுகிறோம். அவர்கள் மண் எது, நம் மண் எது என்று கேட்பதில்லை.

கரிசலில் களிப்பங்கு அதிகம். அந்தக் களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு விடுகிறது, கரிசலில் கட்டின வீட்டுச் சுவரும் விரிசல் விடுகிறது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். ஆனால் ஒரு நல்ல மழையை வாங்கி வைத்துக்கொண்டு பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற மண் அதுதான். பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி எல்லாம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விளைவது அந்த ஈரத்தில்தான். கோவில்பட்டியில் 1901-லேயே ஆராய்ச்சிப் பண்ணை வைத்தார்கள் என்றால், கரிசல் மானாவாரிக்குத் தனிப் படிப்பு வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது உழுதால் கட்டி கட்டியாக வரும், முழுக்கக் காய்ந்தால் கலப்பை இறங்காது. நடுவில் வருகிற ரெண்டு மூணு நாள் பதத்தைப் பிடிக்கணும். தண்ணீர் நின்றால் தாங்காத செடிக்கு மேட்டுப்பாத்தி போடணும்.

செவலின் குணம் நேர் எதிர். தண்ணீர் ஊற்றினால் போய்விடும், உரம் போட்டாலும் தண்ணீரோடு கீழே போய்விடும். அதனால் செவக்காட்டில் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூணு தடவையாகப் பிரித்துப் போடணும், தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடணும். நிலக்கடலைக்குச் செவல் நல்லது, காய் பறிக்கும்போது மண் உதிர்ந்துவிடும். கரிசலில் கடலை போட்டுப் பாதிக் காயை மண்ணிலேயே விட்டு வந்த அனுபவம் இங்கே சில பேருக்கு இருக்கும். சிரிக்காதீங்க, எங்களுக்கும் இருக்கு.

இங்கே கரம்பை பற்றி ஒன்று சொல்லணும். கண்மாயில் எடுக்கிற கரம்பையைச் செவக்காட்டில் அடித்தால் அந்த மண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கிற சக்தி வரும். நம் தாத்தா காலத்தில் இருந்து செய்வதுதான். 2017-ல் இதற்கு இலவச அனுமதி கொடுக்க அரசு வழி செய்தது. 2024-ல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். மண் இலவசம், டிராக்டர் வாடகை நம் கைக்காசு. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கிறார்கள் என்று கரிசல் நிலத்திலும் கடன் வாங்கிக் கரம்பை அடித்தவர்களை எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே களி, அதன் மேல் இன்னும் களி. எதற்கு? அதே போல ஊர்ச் சாக்கடை வந்து விழுகிற கண்மாயில் எடுக்கிற மண்ணைச் சோதிக்காமல் காட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

களரும் உவரும் ஒன்று என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். ரெண்டும் வேறு வேறு. உவரில் பல உப்புகள் சேர்ந்து கிடக்கும். காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும். மண் ஈரமாகவே இருக்கும், ஆனால் செடி வாடும். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவினால் தண்ணீர் வெளியே வருகிறதல்லவா, வேரிலும் அதுதான் நடக்கிறது. நல்ல தண்ணீரை நிறுத்தி, கரைத்து, வடித்துவிட்டால் உவர் குறையும். களர் அப்படி இல்லை. அதில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் சேறாகி நாள் கணக்கில் கலங்கலாக நிற்கும், காய்ந்தால் சிமெண்டுத் தரை. கார அமிலத் தன்மை எட்டரைக்கு மேலே போகும். இதற்கு ஜிப்சம் போட வேண்டும். பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிற சோடியத்தை எழுப்பிவிட்டு ஜிப்சத்தில் உள்ள கால்சியம் உட்காரும். ஆனால் எழுந்த ஆள் பஸ்ஸை விட்டு இறங்கணும்ல? அதற்கு நல்ல தண்ணீர் விட்டு, வடிகால் வெட்டி வெளியே அனுப்பணும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது பாதி வேலை. பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழலாம். எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில்தான் கணக்குப் போட்டுச் சொல்வார்கள், குத்துமதிப்பாகப் போட வேண்டாம். நெல் போடுகிறவர்களுக்கு, திருச்சி வேளாண் கல்லூரியில் களருக்கென்றே உண்டாக்கின திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்கள் இருக்கின்றன.

எங்கள் சுக்கான் நிலத்துக்கும் ஒருவர் ஜிப்சம் போடச் சொன்னார். நல்லவேளை போடவில்லை. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த மண், சோடியம் அதில் பிரச்சினையே இல்லை. மஞ்சள் இலை என்ற ஒரே அடையாளத்தை வைத்து வைத்தியம் சொல்ல முடியாது என்பதற்கு எங்கள் நிலமே சாட்சி.

"எங்களுக்கு நிலமே இல்லை, எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்று பின்னால் ஒரு மதினி கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு வீட்டைச் சுற்றி இருக்கிற நாலு முழ இடம்தான் நிலம். காலனி வீடுகள் பலவற்றைப் பயிர் விளையாத பொட்டலாகப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போதாததற்கு வீடு கட்டின சிமெண்டு, சுண்ணாம்பு, செங்கல் உடைசல் எல்லாம் கொல்லையில்தான் கிடக்கும். அந்த இடத்தில் கத்திரி வைத்துவிட்டு, "எங் கை ராசியில்லாத கை" என்று சொல்லிக்கொள்கிறோம். கையில் ஒன்றும் கோளாறு இல்லை. ஒன்றரை அடி ஆழம் தோண்டி, உடைசலை எடுத்துப் போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கின சாணமும் நிரப்பி வையுங்கள். இல்லையென்றால் சிமெண்டுச் சாக்கில் செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு கலந்து கீரை போடலாம். வெறும் கரிசலைச் சாக்கில் நிரப்பினால் தண்ணீர் நின்று வேர் அழுகும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணீரில் அலசிச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும்.

இன்னொன்று, இது நாமே நம் கையால் செய்வது. துணி துவைத்த தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று தினமும் முருங்கைக்கும் கீரைக்கும் விடுகிறோம். சோப்புத் தூளில் சோடா இருக்கிறது. வருசக் கணக்கில் அதே இடத்தில் விட்டால் நல்ல மண்ணும் களர் மாதிரி இறுகிப் போகும். அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் விடுங்கள். சோப்புத் தண்ணீரை விட்டே ஆகணும் என்றால் இடத்தை மாற்றி மாற்றி விடுங்கள், நடுவில் நல்ல தண்ணீரும் விடுங்கள். போர் போட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆழத்தில் இருந்து வருகிற சில தண்ணீரில் சோடியம் அதிகம் இருக்கும். செவக்காடே ஆனாலும் அந்தத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் இறுகிவிடும். போர் போடக் கடன் கொடுக்கிறோமே, அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்த குழு நம்மில் எத்தனை? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீங்க.

சரி, மண்ணை எப்படிப் பார்ப்பது? காசு செலவில்லாமல் நாமே பார்ப்பது முதலில்.

மூணு அடிக்கு ஒரு குழி. நிலத்தின் நாலு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மரம் வைப்பதாக இருந்தாலும் மல்லிகை வைப்பதாக இருந்தாலும் மேல் மண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை அடியில் நிறம் மாறுகிறது, எங்கே சரளை, எங்கே சுக்கான், எங்கே பாறை என்று பாருங்கள். வெள்ளையாக ஏதாவது கிடந்தால் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. பிறகு குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி ஊற்றினது காலையிலும் நின்றால் அந்த மண் தண்ணீரை இறக்காது என்று அர்த்தம்.

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, முறுக்கு மாவுப் பதத்துக்கு நனைத்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்க வராமல் உதிர்ந்தால் மணல்சாரி. உருண்டை வந்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ரிப்பன் மாதிரி நசுக்கி நீட்டுங்கள். ஒரு அங்குலத்துக்குள் அறுந்தால் இருமண் பாடு, ரெண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி. இதற்குப் படிப்பு வேண்டாம், மாவு பிசைந்த கை போதும். கண்ணாலும் பார்க்கணும் என்றால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூணில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிசத்தில் அடியில் படிவது மணல். ரெண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் வரைக்கும் கலங்கலாக நின்று கடைசியில் படிவது களி.

களரா என்று சந்தேகம் வந்தால், மழைத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து, காய்ந்த மண் கட்டி ஒன்று, சுண்டைக்காய் அளவு, மெதுவாகப் போடுங்கள். ஆட்டக் கூடாது. கட்டி உடைந்தாலும் தண்ணீர் தெளிவாக நின்றால் பயம் இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் பரவினால் சோடியம் இருக்கிறது, உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். போர்த் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள், அதில் உள்ள உப்பே உண்மையை மறைத்துவிடும்.

நாலாவது, ஊரில் வயசானவர்களைக் கேளுங்கள். எங்கே கிணறு வெட்டினார்கள், என்ன வந்தது, துணி வெளுக்க உவர்மண் எங்கே எடுத்தார்கள், எந்தப் புஞ்சைக்கு என்ன பேர் என்று கேளுங்கள். எங்களுக்கு எண்பதாயிரம் ரூபாய்ப் பாடத்தை அந்த அப்பத்தா வெத்தலைச் செலவில் சொல்லிவிட்டது. கேட்டது மட்டும் லேட்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பரிசோதனை வேண்டும். மண்ணில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. "எங்களிடம்தான் மண்வள அட்டை இருக்கே" என்று சிலர் சொல்வீர்கள். 2015-ல் அந்தத் திட்டம் வந்தது, பன்னிரண்டு விவரம் அதில் இருக்கும், நல்ல திட்டம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது வயலுக்கு வயல் மண் எடுக்கவில்லை. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் பிரித்து எடுத்தார்கள். பத்து ஹெக்டேர் என்றால் இருபத்தஞ்சு ஏக்கர் ஆச்சு. எங்கள் அரை ஏக்கருக்குள்ளேயே ரெண்டு மண் இருந்ததே! உங்கள் பெயர் போட்ட அந்தக் கால அட்டையில் இருப்பது பக்கத்துக் காட்டு மண்ணாக இருக்கலாம். அதனால் பணம் போடுவதற்கு முன்னால் உங்கள் மண்ணை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் குழு இந்தப் பொதுக்குழுவுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறது. நிலம் குத்தகைக்குப் பிடிக்கவோ தோட்டம் போடவோ கடன் கேட்டு வருகிற எந்தக் குழுவும், அந்த நிலத்தில் மூணு அடிக் குழி வெட்டிப் பார்த்தோம், மண்ணும் தண்ணீரும் பரிசோதித்தோம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பரிசோதனைச் சீட்டின் நகல் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். "கடன் கிடைக்க லேட் ஆகும், பட்டம் தப்பிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். அதனால் விதைப்புக்கு முன்னால் இல்லை, சித்திரை வைகாசியில் காடு சும்மா கிடக்கும்போதே மண் எடுத்துவிடலாம். குத்தகைக்காரர் குழி வெட்ட விடமாட்டேன் என்று சொன்னால், அந்த நிலத்தை ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்கள் "நாங்க பாக்காத மண்ணா?" என்பார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? குழியும் நாமே வெட்டிப் பார்ப்போம்.

மண் எடுக்கிற முறையைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவி கிடந்த இடம், வாய்க்கால் ஓரம், தண்ணீர் தேங்கின இடம் இதிலெல்லாம் எடுக்கக் கூடாது. உரம் போட்ட கையோடும் எடுக்கக் கூடாது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினஞ்சு இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி, வெட்டின பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரல்கடை கனத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுக்கணும். நெல், கேழ்வரகு, கம்பு, கடலைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம், பருத்தி, வாழை, காய்கறிக்கு 22.5 சென்டிமீட்டர். மரப்பயிர் என்றால் 30, 60, 90 சென்டிமீட்டரில் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிப் பையில் போடணும். நுண்ணூட்டமும் பார்ப்பதாக இருந்தால் இரும்புச் சட்டி, துருப் பிடித்த மம்பட்டி வேண்டாம், பிளாஸ்டிக் வாளியும் மரக்குச்சியும் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நாலு பாகமாகப் பிரித்து, எதிர் எதிர்ப் பாகம் ரெண்டைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும் வரை குறைக்கணும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச் சாக்கில் கட்டாதீர்கள். மேற்குப் பக்கம் ஒரு மாதிரி, கிழக்குப் பக்கம் ஒரு மாதிரி இருந்தால் ரெண்டு பையாகக் கொடுங்கள், ஒன்றாகக் கலந்தால் ரெண்டுமே பொய்யாகிவிடும். பெயர், ஊர், சர்வே நம்பர், முன்னால் போட்ட பயிர், இனிமேல் போடப் போகிற பயிர் இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். எங்கள் முதல் சீட்டைப் பேனாவில் எழுதி, மண் ஈரத்தில் மை பரவி, யாருடைய மண் என்றே தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.